மூக்கோரக் கறுப்பும் ஒரு டாக்டரும்

என் மனைவி பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் மூக்கோரத்தில் மிளகளவு கறுப்புக் கட்டி ஒன்று வளர்ந்தது. உடம்பெங்கும் பரவும் கெட்ட கேன்சராக இருக்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம்.

ஒல்லியான பெண்மணி. சிரிக்காத முகம். விளக்குப் பொருத்திய சின்ன லென்ஸைத் தோலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். எடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி வைப்பார்.

"இதுவும் கேன்சர்தான் போல இருக்குங்க. ஆனா நீங்க பயப்படுற வகை இல்ல. அதுல பெரும்பாலும் வலை மாதிரி கோடு தெரியும். இதுல ஓரத்துல இலை மாதிரி சாம்பல் நீலம் தெரியுது. இது மெதுவா வளரும், பரவுறது ரொம்ப அபூர்வம். வெட்டி எடுத்துடலாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "இத்தனூண்டு கண்ணாடியில அது எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க. நானும் முழுசா நம்பல. கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம்."

முடிவு அவர் சொன்னபடியே வந்தது. நான் கைகூப்பினேன். அவரோ லென்ஸை எடுத்து அவளுடைய காதுமடல், கழுத்து, உள்ளங்கால் என்று தேடத் தொடங்கினார்.

"அதான் சரியாப் போச்சே டாக்டர்?"

"அந்த ஒண்ணு சரி. மத்த எடத்தை நான் இன்னும் பார்க்கலையே."

கட்டியை வெட்டி எடுத்து, காயமும் ஆறிவிட்டது. எதையும் எளிதில் நம்பாத அந்த மனுஷியை நாங்கள் எப்படி அவ்வளவு நம்பினோம் என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.