சிக்கும் முழங்கையும்

என் வலது கை மார்புக்கு மேலே எழும்பாமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. முதலில் தோளில் சின்ன வலிதான். நரம்பு இழுத்துக்கொண்டது என்று தைலம் தடவினேன். வலிக்கிற கையை எதற்கு அசைக்க வேண்டும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு நானாக அசைக்கப் பார்த்தபோது அது அசையவில்லை.

சாப்பாட்டைச் சமாளித்துவிட்டேன். தலை பின்னத்தான் முடியவில்லை. முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. மருமகளோ கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவள், காலையில் ரயிலுக்கு ஓடுவாள். அவளை நிறுத்தித் தலையைக் காட்ட எனக்குக் கூச்சம்.

“பேசாம வெட்டிடலாம் லா அத்தை. கிராப்பு வெச்சா ஸ்டைலா இருப்பீங்க.”

நான் சிரித்தேன். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் கிளினிக்கில் கைக்குப் பயிற்சி செய்து பார்ப்பது, கை வராவிட்டால் சலூனுக்குப் போவது என்று அவளே முடிவும் செய்துவிட்டாள். வேண்டாம் என்ற சொல் எனக்கு லேசில் வாயில் வராது.

சனிக்கிழமை அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பயிற்சி கொடுத்தது ஒரு மலாய்ப் பெண்; என்னை மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிட்டாள். பிளாஸ்டிக் எலும்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, மருமகள் தமிழில் சொன்னாள். தோளில் ஓர் உருண்டை எலும்பு, ஆழமில்லாத தட்டு மாதிரிக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. அதைச் சுற்றி ஒரு பை. என்னுடைய பை தடித்துச் சுருங்கிவிட்டதாம். அசைக்காமல் வைத்ததில் இன்னும் இறுகிப்போனதாம். தசை என்றால் சும்மா சதை என்றுதான் நினைத்திருந்தேன். அது எலும்பைப் பிடித்து இழுக்கிற கயிறு. இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஒன்று மடக்கினால், நீட்டுவதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று இழுக்க வேண்டும்.

என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, விரல்களாலேயே சுவரில் மேலே ஏறச் சொன்னாள். நான் ஏறினேன். அவள் பின்னால் நின்றுகொண்டு, “சிக்கு, மக்சிக், சிக்கு!” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மூன்று நாளாகச் சரியாகச் சீவாத தலை. சட்டென்று கையை இறக்கி, இடது கையால் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

“என்ன அத்தை, வலிக்குதா?”

“சிக்கு சிக்குன்னு சொல்லுதும்மா அந்தப் பொண்ணு. எல்லாரும் இருக்காங்க.”

மருமகள் நாற்காலியிலேயே மடங்கி மடங்கிச் சிரித்தாள். “ஐயோ அத்தை! மலாய்ல சிக்குன்னா முழங்கை. முழங்கையை மடக்காதீங்கன்னு சொல்லுது!”

எனக்குத் தெரிந்தது சந்தைக்குப் போதுமான பாசார் மலாய். மீன், காய்கறி, பஸ் கேட்கத் தெரியும். பாசாரில் யார் முழங்கை கேட்கிறார்கள்? விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு என் முழங்கையைத் தொட்டு ஒரு சிக்கு, தலையைக் காட்டி ஒரு சிக்கு என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

வீட்டில் குளியலறைச் சுவரில் தினமும் ஏறினேன். தோளைக் காது வரைக்கும் தூக்கி ஏமாற்றாமல், முழங்கையை மடக்காமல். வலிக்கும். கொஞ்சம் நின்று, மறுபடியும் ஏறுவேன். முதல் வாரம் விரல் மூக்கு உயரத்துக்குப் போனது. நாலாவது வாரம் கை பிடரியைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை.

சலூனுக்குப் போக வேண்டிய சனிக்கிழமை காலையில், பிடரிக்குக் கீழே தாழ்வாக ஒரு கொண்டை போட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. மருமகள் கைப்பையோடு வந்து நின்றாள்.

“கோணலா இருக்கு அத்தை.”

“இருக்கட்டும்.”

“அப்போ சலூனு?”

“வேணாம்மா. நீ போய் வெட்டிக்கோ.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நிஜமாகவே போய், தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.