கச்சான் காற்றும் பக்கத்துக் கடைக் கொத்துப் புகையும்

இன்றைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள் ஒரு தகட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்!

(சாப்பிடப் போகவில்லை. நம்புங்கள்.)

மன்னார் டவுனில் எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் கடை. முதலாளி சிலாவத்துறைக்காரர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லோருக்கும் அவர் நானா. நல்ல மனுஷன். கொத்து ரொட்டியும் திறம் என்று ஊரே சொல்லும்.

ஆனால் அவருடைய குசினிப் புகை முழுவதும் என் மகள் ஷைனியின் அறையில்தான் குடியிருந்தது!

ஷைனிக்கு முட்டு வருத்தம். பின்னேரம் கடையில் கல் சூடாகி எண்ணெய் பொரியத் தொடங்கினால் பிள்ளை மூச்சுக்குத் திணறும். ஒரு கையில் பாடப்புத்தகம், மற்றக் கையில் மருந்து இழுக்கிற பம்ப். ஜன்னல் எந்நேரமும் பூட்டு. (மன்னார் வெக்கையில் ஜன்னலைப் பூட்டிவிட்டு இருந்து பாருங்கள், தெரியும்!)

போன வருடம் நானாவிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்டினார்.

அதன் பிறகு துளிப் புகை இல்லை!

நான் சந்தோசத்தில் கேக் அடித்துக் கொடுத்தேன். அவர் வட்டிலப்பம் அனுப்பினார்.

குழாயை உயர்த்தியது வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில். வாடைதான் புகையை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. குழாய் ஒரு மண்ணும் செய்யவில்லை!

இந்த வருடம் தென்மேற்கிலிருந்து கச்சான் பெயர்ந்து அடித்த முதல் நாளே புகை திரும்பி வந்தது. வட்டியும் முதலுமாக!

(என் அப்பா காற்றுப் பார்த்துக் கடலுக்குப் போன ஆள். நானாவின் வாப்பாவும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் கச்சான் என்று ஒன்று வரும் என்பது நினைவில் இல்லை. வெளியில் சொல்லிவிடாதீர்கள்!)

அன்றைக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்ததும் ஷைனியின் அப்பா சொன்னார்:

"இனிச் சரிவராது. முருங்கனில என்ர அக்கா வீட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு பாப்பம்."

நான் பிறந்து வளர்ந்த வீடு இது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அடுத்த நாள் பின்னேரம் விறுவிறு என்று கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"நானா, ஒருக்கா வீட்ட வாங்கோ."

"என்ன தங்கச்சி, இப்ப கடையில சரியான சனம்..."

"சனம் இருக்கேக்கதான் வரவேணும். வாங்கோ."

வந்தார். ஷைனியின் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன்.

"கொஞ்ச நேரம் இதில இருங்கோ நானா. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

இருந்தார். புகை வந்தது. இருமினார். கண்ணைத் துடைத்தார். பிறகு சாரத்தின் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளை இதுக்குள்ளயோ படிக்கிறவ?"

"ஓம் நானா. படுக்கிறதும் இதுக்குள்ளதான்."

மனுஷன் எழும்பிப் போனார். அன்றைக்கே அடுப்பை அணைத்துக் கடையைப் பூட்டிவிட்டார்!

பிறகு எனக்குத்தான் நித்திரையில்லை. அவருடைய வயிற்றில் அடித்துவிட்டேனோ என்று கிடந்து தவித்தேன்.

சில நாளில் ஒரு லொறி வந்தது. அதில் வந்த சாமானை இறக்கிப் பூட்டினார்கள். அடுப்புக்கு மேலே பெரிய தகரக் கூடு. அதற்குள் சரித்து அடுக்கிய இரும்புத் தகடுகள், எண்ணெயைப் பிடிக்க. அதற்கு அங்கால் தண்ணீர் தூவுகிற பெட்டி, புகையைக் கழுவ! கடையும் திறந்தது. (போன வருடம் ஏமாந்த நான் ஜன்னலைத் திறக்கவில்லை.)

இன்றைக்கு நானா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒருக்கா குசினிக்கு வாங்கோ. தகடு கழுவப் போறம்."

போனேன். ஒரு தகட்டை உருவி எடுத்தார். கன்னங்கரேல் என்று கசடு, தார் போல. வாளிக்குள் தடித்து வழிந்தது.

"எவ்வளவு நாளில சேர்ந்தது நானா?"

"ஒரு கிழமையில."

ஒரு கிழமை, ஏழே நாள்!

என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இவ்வளவும் என் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகவேண்டியது. இப்போது ஒரு வாளிக்குள் கிடக்கிறது!

கொத்துப் போடுகிற தம்பி சிரித்தார். "அக்கா, எனக்கும் இருமல் குறைஞ்சிட்டுது."

நானா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "முதலே கண்ணால கண்டிருந்தா எப்பவோ செய்திருப்பன் தங்கச்சி."

வெளியில் வந்து குழாயை அண்ணாந்து பார்த்தேன். உள்ளே அடுப்பு முழு மூச்சில் எரிகிறது. மேலே வெறும் வானம்! கச்சான் என்றால் பேய்க்கச்சான், ஆனால் தூக்கிக்கொண்டு வர அதற்கு ஒன்றும் இல்லை. மாதாவே, இப்படியும் செய்யலாமா!

வீட்டுக்கு ஓடிவந்து ஷைனியின் ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று திரைச்சீலையைத் தூக்கி எறிந்தது. பிள்ளை முதலில் பயந்து பம்பைத் தேடினாள். பிறகு மெல்ல மூச்சை இழுத்தாள். இன்னொருக்கா இழுத்தாள். மூச்சு முட்டவில்லை!

"அம்மா, கொத்து எண்டா இப்பிடியோ மணக்கும்?"

"ஓம் பிள்ளை."

"சோக்கா இருக்கு. எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்கோவன்."