பத்தாயத்தில் அடுக்கிய புத்தகங்கள்

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி நாகர்கோவிலிலிருந்து பாத்திரங்களோடு இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களும் கொண்டுவந்தாள். எங்களுடையதோ வயலைத் தவிர வேறெதையும் அறியாத குடும்பம். பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா, "இதுக்கு என்ன தீனி போடணும்?" என்று கேட்டாள்.

தீனி வேண்டாம், இடம்தான் வேண்டும். தரையில் வைத்தால் கறையான் விட்டுவைக்காது. பிறந்த வீட்டில் அப்படிச் சிலவற்றைப் பறிகொடுத்து அழுதவள் என் மனைவி. எங்கள் வீட்டில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயங்கள் இரண்டு. கால் வைத்த, ஆள் உயர மரப்பெட்டிகள். ஒன்று அப்போது காலியாகக் கிடந்தது. கேட்காமல் கொள்ளாமல் அதற்குள் இறங்கி, மூலைக்கு மூலை வசம்பைப் போட்டு, புத்தகங்களைச் சுற்றிலும் அடுக்கிவிட்டாள்.

அடுக்கிய முறையைச் சொல்ல வேண்டும். பெரிது சிறிது என்றோ, எழுதியவர் பெயர் பார்த்தோ அல்ல. அழவைக்கும் புத்தகம் ஒன்று இருந்தால் அதை ஒட்டிச் சிரிக்கவைக்கும் புத்தகம் ஒன்று. காரணம் கேட்டேன்.

"அழுத கண்ணோட அடுக்களைக்குப் போனா அத்த என்ன நெனப்பாவ?"

வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அவளே ஊசி நூலால் தைத்து அட்டை போட்ட கட்டுகளும் இருந்தன. இவளுக்கு நான் புருஷன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்தாயத்தின் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். கூரைக் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் நேரே மடியில் விழும். வெளியே அம்மா கண்ணை மூடிப் படுத்திருப்பாள். "கண்ணயர விடுகாளா பாரு" என்று என்னிடம் முனகுவாள். ஆனால் ஒருநாளும் வேறு இடத்தில் போய்ப் படுத்ததில்லை.

மாசியில் கும்பப்பூ அறுப்பு வந்தது. வயல் அள்ளிக் கொடுத்தது. ஒரு பத்தாயம் நிறைந்த பிறகும் களத்தில் பாதி நெல் அப்படியே கிடந்தது. மனைவி பத்தாயத்துக்குள் இறங்கி, ஒவ்வொரு புத்தகமாகத் துடைத்து நீட்டினாள். தரையில் பாயை விரித்து வாங்கி வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை; அம்மாவிடம் பேசவும் தைரியமில்லை. பத்தாயத்தில் நெல் இல்லாத வீட்டை ஊரில் யார் மதிப்பார்கள்? இரண்டு பத்தாயமும் நிறைந்த வீடு என்ற பேரில் தலை நிமிர்ந்து வாழ்ந்தவள் அம்மா.

சுமையோடு ஆட்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அம்மா பாயில் கிடந்தவற்றைப் பார்த்தாள். பத்தாயத்துக்குள் நின்றவளையும் பார்த்தாள்.

"ஏலே, மிச்ச நெல்லக் களத்துலயே வித்துரு."

"ஊர்ல என்ன சொல்லுவாவ அம்மா?"

"சொல்லட்டு."

எழுத்துத் தெரியாத அம்மா பாயில் குனிந்து, முந்தின நாள் வாசிப்பு பாதியில் நின்றிருந்த சிவப்பு அட்டைக் கட்டைச் சரியாக எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்துதா, இல்லியா? மொதல்ல அதச் சொல்லு."