மூடாத குழி

மதியழகன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி சத்தீஸ்கரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு சோளக்காட்டில் அவன் லீவரை இழுத்தபோது, நிமிர்ந்த மாஸ்ட் கம்பம் மேலே ஓடிய மின்கம்பியைத் தொட்டுவிட்டது. கீழே வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்த சென்றாயன் அந்த இடத்திலேயே இறந்தான். இருவரும் ஒரே தெரு. ஒன்றாகவே வடக்கே போனவர்கள்.

உடலோடு ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய மதியழகன் மறுபடி வண்டி ஏறவில்லை. சேலத்து டாக்டர் எழுதிய மாத்திரையை மனைவி தேவிப்ரியா கையில் வைத்தால் விழுங்குவான். மற்ற நேரமெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் ஒரு விளையாட்டு.

அதை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தவன் சென்றாயன்தான். ஆளரவமற்ற சாம்பல் நிற உலகம். மணல், இடிந்த கோபுரங்கள், ஓயாத காற்று. கையில் விளக்கோடு ஒரு சின்ன உருவம் தனியாக நடக்கும். ஓரிடத்தில் கல்லை நகர்த்த வேண்டும், இன்னோரிடத்தில் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் வழி திறக்கும். லாரி நிழலில் உட்கார்ந்து பாதி வழியை இருவருமாகக் கடந்திருந்தார்கள்.

"அவன் உட்டுட்டுப் போனதை முடிச்சுட்டா, அதோட எனக்கும் ஒரு சோலியும் இல்ல புள்ள" என்றான் ஒருநாள். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அன்று முதல் அவனைத் தனியே விட்டுக் கடைக்குக்கூடத் தேவிப்ரியா போகவில்லை.

ஆனால் விளையாட்டு கடைசி இடத்தில் நின்றுவிட்டது. வெட்டவெளி நடுவில் ஒரு குழி, பக்கத்தில் ஒரு பலகைக்கல். அங்கே போனதும் மதியழகன் முதலில் செய்தது கல்லை இழுத்துக் குழியை மூடியதுதான். தண்ணீர் விழாத துளையின் வாயை அடைக்காமல் ரிக்காரர் இடத்தைவிட்டு நகர மாட்டார். மூடிவிட்டு மணல் முழுக்க வழி தேடினான். கதவே இல்லை. போனைக் கட்டிலில் குத்தினான். சோறு இறங்கவில்லை.

"கல்யாணமான ஆம்பளைக்குப் பொம்மை வெளையாட்டு!" என்று அவன் அம்மா மாரியாயி சமையற்கட்டிலிருந்து கரித்துக்கொட்டினாள்.

தேவிப்ரியா, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் தங்கை அறிவுச்செல்வியிடம் கேட்டாள். தங்கை தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அந்தக் குழிக்குள்ள குதிக்கோணும்க்கா. குதிச்சா ஆட்டம் முடிஞ்சுது. மாமா இத்தன நாளா அதை மூடிக்கிட்டா இருக்கறாரு?" என்று சிரித்தாள். "ரிக்காரர்கிட்ட குழியக் குடுத்தா வேற என்ன பண்ணுவாரு!"

"அவருகிட்ட இதப் பத்தி மூச்சு உட்டுறாத சாமி. உன் காலுல உழுவறேன்."

"ஏங்க்கா, என்னாச்சு?"

ஆட்டம் முடிந்தால் என்ன ஆகும் என்று அவன் சொன்னதை அவள் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு நின்றது. "லீவு போட்டுட்டு ஊட்டுக்கு வாரேன்க்கா" என்றாள் தங்கை.

அவள் வந்து சேர்வதற்குள் மதியழகனே கேட்டுவிட்டான்.

"உனக்கு வழி தெரியுமா புள்ள?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"பொய் சொன்னா உனக்கு மூக்கு வேர்க்கும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தெரியுமுங்க. கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

"நீ மறைக்கறதுலயே தெரியுது. குதிக்கோணும், அதான? சென்றாயனா இருந்தா வந்ததும் குதிச்சிருப்பான்." திரையில் விரலை வைத்துக் கல்லை இழுத்தான். குழி வாயைத் திறந்தது. விளக்கோடு அந்த உருவம் விளிம்பில் போய் நின்றது. காற்று இரைந்தது.

தேவிப்ரியா அவன் மணிக்கட்டை இரு கையாலும் இறுகப் பிடித்தாள். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து அவள் கையைக் கீறியது.

"கையை உடு."

"உட மாட்டேனுங்க."

அவன் கட்டைவிரல் திரைமேல் நின்றது. பிறகு மெல்லக் கல்லைத் தள்ளிக் குழியை மூடினான்.

"தொறந்து போட்டுட்டுப் போக மனசு வரல புள்ள" என்றான். சென்றாயன் செத்தபின் முதன்முறையாக உடம்பு குலுங்க அழுதான். "நாளைக்கும் இப்படி மூட மனசு வருமோ என்னமோ, தெரியல."

போன் கட்டிலில் விழுந்து கிடந்தது. காற்றின் இரைச்சல் அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதை அணைக்க அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. ஆனால் பிடித்த பிடியை அவள் விடவில்லை.