ரெஜிஸ்டர் நாளில் யானுக்குப் போனோம்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு லூனாஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். யான் என்ற ஊர் வரை சுமார் எழுபது கிலோமீட்டர். எங்கே போகிறோம் என்று மனைவி பத்மாவிடம் சொல்லவில்லை. திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைவு. வயலோரத் தங்கும் விடுதி ஒன்றில் ரகசியமாக அறை எடுத்திருந்தேன். தொந்தியும் முட்டிவலியும் வந்துவிட்ட வயதில் காதல் என்பது பெரும்பாலும் கார் ஓட்டுவதுதான்.

சுங்கை பட்டாணி தாண்டியதும் விஷயத்தை உடைத்தேன்.

"ஹேப்பி அனிவர்சரி, பத்மா."

"யாருக்கு?"

"நமக்குத்தான் லா."

"நம்ம கல்யாணம் ஆவணியில. இது மார்ச்சு. இன்னைக்கு ரெஜிஸ்டர் பண்ணுன நாளு."

இந்த மலாய் நாட்டில் எங்கள் தமிழர்களில் பலருக்கும் இரண்டு கல்யாணம், ஒரே பெண்ணோடுதான். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மண்டபம் கிடைத்த பிறகு, மாதங்கள் கழித்துத் தாலி. நடுவில் சட்டத்துக்குக் கணவன் மனைவி, சொந்தக்காரர்களுக்கு அந்நியர்கள். ஆவணியில் அவள் பாயசம் வைப்பாள், நான் குடிப்பேன். தேதியை நினைவில் வைக்கும் வேலை எனக்கு இருந்ததே இல்லை. பதிவுச் சான்றிதழைப் பார்த்துத்தான் இந்த நாளைக் குறித்தேன்.

"கையெழுத்துப் போட்டுட்டு நான் எங்கம்மா வீட்டுக்குப் போனேன், நீங்க ஷிஃப்டுக்குப் போனீங்க. அதுவா கல்யாண நாளு?"

"வண்டியத் திருப்பவா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்பச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எட்டே முக்காலுக்குக் குரூணில் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய தேநீர். குவளை விலை இரண்டு வெள்ளி, எங்கள் ஊர்க் காசு. விடுதி வாசலில் பலூன் கட்டச் சொல்லியிருந்தேன். அந்த வாசலில் நின்று, முன்பின் தெரியாதவர்கள் எதிரே, "இது எங்க நாளே இல்ல" என்று இவள் சொல்லிவிட்டால்? இருபத்தைந்து ஆண்டில் நான் ஏற்பாடு செய்த ஒரே விழா அது. தேநீரை ஆறவிட்டேன்.

"ரெஜிஸ்டர் முடிஞ்சும் எங்கப்பா உங்கள வீட்டுக்குள்ள விடல, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"சட்டப்படி என் பொண்டாட்டின்னு சொன்னேன். 'அப்ப அந்தச் சட்டத்தப் போய்ப் பாத்துட்டு வா'ன்னாரு மாமா."

அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டாள். பத்மாவின் அப்பா பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். நான் ஞாயிறுதோறும் லூனாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய், அவள் கீரை வாங்க வரும் பசாரில் வெண்டைக்காய் வாங்குவேன். எங்கள் வீட்டில் வெண்டைக்காய் தொட ஆளில்லை. ஆவணி வரை வாங்கினேன்.

ஜெராய் மலையை இடப்பக்கம் விட்டு யான் ஊரை அடைந்தபோது மணி பத்து. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் வாசம். வாசலில் பலூன்கள், நான் பயந்ததைவிட அதிகம். விடுதி நடத்தும் மலாய்க்கார அம்மாள் மலாயில் கேட்டார்: "கல்யாண நாள் இன்றைக்குத்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பத்மா முந்திக்கொண்டாள்: "இன்றைக்குத்தான் லா, அக்கா." ஒரு பலூனை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் வரப்போரம் நடந்தோம்.

"எதுக்கு இன்னைக்குன்னு சொன்ன?"

"தாலி கட்டுனப்ப ஓமப் புகையில கண்ணு எரிஞ்சுச்சு. உங்க மூஞ்சியக்கூடப் பாக்கல." கொஞ்சம் நடந்தாள். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னாலயே முருங்க, பசலின்னு கீரை மண்டிக் கிடக்கும். வெட்டிப் போட ஆளில்ல."

"அப்புறம் எதுக்குப் பசாருக்கு வந்த?"

"வாரா வாரம் ஒரு மாங்கா மடையன் வெண்டக்கா வாங்குவான். பாக்க வந்தேன்."

மறுநாள் காலை கிளம்பினோம். யானில் பார்க்க மலை, வயல், கடல் மூன்றும் உண்டு. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, வாசகர்கள் மன்னிக்கவும். மண்டபத்தில் எனக்குப் பெண்ணைக் கொடுத்தார்கள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் அதற்கு முன்பே, யாரும் கொடுக்காமல், தானாக வந்திருக்கிறாள்.