இரண்டு வாய்க் காப்பி

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. முதலில் பேஸ்டிங் செக்ஷன். தோலில் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும். அந்த வாடையில் நெஞ்சு அடைத்தது. இதில் இருக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதனால் ஆபீஸில் காப்பி போட மாற்றினார்கள். அங்கே எனக்குக் கிடைத்த தயவு அது ஒன்றுதான்.

பில்டரில் தூள், மேலே கொதிநீர். தண்ணீர் தானாக இறங்கும். அரை மணி நேரம் ஆகும். யாரும் விரட்ட முடியாது.

ஷூ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று மேனேஜர் எஸ்பிரெஸோ மெஷின் வாங்கினார். கொண்டு வந்தவன் ஒரே தடவை காட்டிவிட்டுப் போனான். தூள் மாவு மாதிரி இருக்கும், சிக்கரி கிடையாது. அழுத்தி வைத்தால் மெஷின் சுடுதண்ணீரை முட்டித் தள்ளும். அரை நிமிடத்தில் காப்பி. வருவது இரண்டு வாய்.

இரண்டு வாயை ஒரு மனுஷனிடம் எப்படி நீட்டுவது? எங்கள் பக்கம் வந்தவருக்கு அரை கிளாஸ் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். பையர் வந்த அன்று பெரிய கப் வைத்தேன். நிறையும் வரை ஓட விட்டேன். பையர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இன்னாம்மா இது, காப்பியா, தோல் ஊற வச்ச தண்ணியா?" என்றார் மேனேஜர். சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். "நாளைக்கும் இப்டியே குடுத்தீன்னா பேஸ்டிங்குக்கே போய்டு."

"அங்க மூச்சு விட முடியாது சார்."

"அப்போ ஒழுங்கா போடு."

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மெஷினை ஓட விட்டு, கிளாஸ் கிளாஸாகப் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். முதலில் கறுப்பாக, கெட்டியாக விழுந்தது. பிறகு தேன் நிறம். அரை நிமிடம் தாண்டினால் வெளுத்த கசப்புத் தண்ணீர். பில்டரில் கடைசிச் சொட்டும் டிகாஷன்தான். இதில் கடைசி குப்பை. அந்தக் குப்பையைத்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் சின்னக் கப். அரை நிமிடத்தில் நிறுத்தினேன். பையர் நின்றபடியே குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டி, தன் நெஞ்சையும் தொட்டு, ஏதோ இங்கிலீஷில் சொன்னார். ட்ரெய்னிங் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது.

பையர் சாம்பிள் பார்க்கப் போனதும் மேனேஜர் என்னிடம் வந்தார். "அந்தக் கசப்பை எவன் குடிப்பான். எனக்கு நம்ம டிகாஷன் போடும்மா."

"பில்டரை எடுத்து வச்சிட்டேன் சார். இனிமே மெஷின்தான்."

பில்டர் அவருக்கு எதிரே அலமாரியில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையர் இன்னும் மூன்று நாள் இருப்பார். மெஷின் ஓட்ட வேறு ஆள் இல்லை.

சின்னக் கப்பை நீட்டினேன். இரண்டு வாய். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். வாங்கிக் குடித்தார்.