டீயைக் குடித்துவிட்டு வேண்டாம் என்பது

அக்காவுக்கு அவளுடைய கவுன்சிலர் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் சேலைகளை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘வேண்டாம்’ என்று சொல்லி வெளியே வர வேண்டும்.

அக்காவின் புருஷன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டுக் கேட்டே ஆளைக் கரைத்துவிட்டான். அவனை விட்டு எங்களிடம் வந்த பிறகும், “டே, கொஞ்சம் தண்ணி குடிக்கட்டா?” என்று என்னிடம் அனுமதி கேட்பாள். வேண்டாம் என்று சொல்ல வராது. வாசலில் விற்க வருகிறவர்களிடம் அப்படி வாங்கிய துடைப்பங்களே ஒரு மூலை நிறைய நின்றன.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் என்பதால் துணைக்கு நான். பஸ்ஸிலேயே பாடம் எடுத்தேன். “கண்ண நேராப் பாத்துச் சொல்லணும்க்கா. தோள நிமித்தணும்.”

“செரி சாரே.”

சாலைக் கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்தோம். உடனே டீ வந்தது. கடை டீயைக் குடித்தவர்கள் துணி எடுக்காமல் எழுந்திருப்பது எங்கள் ஆட்களிடம் கிடையாது. பாவம், கவுன்சிலருக்கு இது தெரியாது. எனக்கும் இருவர் டம்ளரும் காலியான பிறகுதான் நினைவு வந்தது.

அண்ணாச்சி தரையில் கிடந்த பாய் நிறையச் சேலைகளை விரித்தார். “இந்த மயில்கழுத்து உங்களுக்குன்னே நெய்ததாக்கும், கேட்டோ.”

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். காலி டம்ளரைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, அதையே பில் போடுங்க.”

“வேண்டாம்.”

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். அக்காதான்.

“இல்லக்கா, டீ வேற குடிச்சாச்சு...”

“அதுக்கு? உடுத்தப் போறது நீயா, நானா? எனக்குப் பிடிக்கல.” பிறகு அண்ணாச்சியை நேராகப் பார்த்தாள். “ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. டீ நல்லாருந்து.”

“அதுக்கென்னம்மா, பிடிச்சாத்தானே எடுக்கணும்.” அவர் சிரித்துக்கொண்டே சேலைகளை மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பிக்கு வேட்டி ஏதாச்சும்?”

நானும் டீ குடித்திருந்தேனே.

பஸ் ஸ்டாப்பு வரை அக்கா என் கையிலிருந்த வேட்டிப் பொட்டலத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பெட்டிக்கடை முன்னால் நின்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சர்பத் வாங்கி முழுசாகக் குடித்தாள்.

“ஒனக்கு வேணுமாடே? வேண்டாம்னா சொல்லணும். சொல்ல வருமா?”